வெள்ளவத்தையில் ஒரு சிறுவர் கோமாளிப் பட்டறை

கோமாளி என்றவுடன் கொழும்பில் பெரும்பாலான பெற்றோருக்கு நினைவுக்கு வருபவர் பிறந்தநாள் விழாவில் பலூன் முறுக்கிக் கொடுப்பவர்தான். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றின் மாடி மண்டபத்தில், ஸ்பெயினிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் நான்கு சனிக்கிழமைகள் நடத்திய பட்டறைக்கு என் ஒன்பது வயது மகளையும் தங்கையின் ஆறு வயது மகனையும் சேர்த்தபோது, நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பிள்ளையொன்றுக்கு 8,000 ரூபாய். சிவப்பு மூக்கும் அதில் அடக்கம். பலூன் ஒன்றுகூட ஊதப்படவில்லை.

ஆசிரியையின் முறை, பிரெஞ்சு நாடக ஆசிரியர் ழாக் லெகோக் 1956ஆம் ஆண்டு பாரிஸில் தொடங்கிய நாடகப் பள்ளியின் வழிவந்தது. அவ்வழியில் சிவப்பு மூக்கு உலகின் மிகச் சிறிய முகமூடி எனப்படும். ஆகவே அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு: சபைக்கு முதுகு காட்டி நின்று மாட்ட வேண்டும், மாட்டிய பின் கையால் தொடக் கூடாது, திரும்பியதும் எதிரில் இருப்பவர்களின் கண்ணைப் பார்க்க வேண்டும். பகிடி விட முயலவே கூடாது. கதிரையில் அமரப் போய் அமர முடியாமற் போனால், அதை மறைக்காமல், சபையை நோக்கித் திரும்பித் தன் திண்டாட்டத்தைக் காட்ட வேண்டும். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது.

சொல்வதற்கு எளிது. நான்காம் ஆண்டிலிருந்தே புலமைப்பரிசில் பரீட்சைக்கென டியூசனுக்கு ஓடும் நம் பிள்ளைகளுக்கோ, நாலுபேர் முன்னால் பிழைவிடுவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. மொழிபெயர்த்த இளைஞர், மட்டக்களப்பில் நாடகம் படித்தவர், முதல் நாள் ஆசிரியையின் சொல்லை அப்படியே எடுத்து “எல்லாரும் பெயிலாகிக் காட்டுங்கள்” என்றார். மண்டபமே உறைந்துவிட்டது. பிறகு அவரே சுதாரித்துக்கொண்டு “பிழைவிட்டு விளையாடுவோம்” என்று மாற்றிய பின்னர்தான் பிள்ளைகள் அசைந்தார்கள். இன்னொரு பக்கம், அவர்கள் ‘ஓம்’ என்று தலையாட்டியதை ‘இல்லை’ என்று விளங்கிக்கொண்ட ஆசிரியை, ஒரே பயிற்சியை மூன்று தடவை விளக்கினார். அதுவே அன்றைய நல்ல பகிடி.

இரண்டாம் வாரம் நடந்த ஒன்றுக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தடுக்கி விழும் பயிற்சிக்காக ஆசிரியை தரையில் சில பழைய புத்தகங்களைப் பரப்பி, அவற்றின் மேல் மிதித்து நடந்து காட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை. என் மகள் “மிஸ், அது புத்தகம்” என்று மெல்லச் சொல்லி, குனிந்து ஒன்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காரணத்தைக் கேட்டறிந்த ஆசிரியை, புத்தகங்களை அகற்றியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டு வேறு பயிற்சிக்குப் போயிருக்கலாம். அவரோ மூக்கை மாட்டிக்கொண்டு வந்து, தவறுதலாக ஒரு புத்தகத்தில் கால் பட்டவராய்த் திடுக்கிட்டு, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் பின்வாங்கினார். குதிக்கால் அடுத்த புத்தகத்தில் பட்டது. அதற்கும் மன்னிப்புக் கேட்கத் திரும்புகையில் மூன்றாவதில் பட்டது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். புத்தகத்தின் மதிப்பு அணுவளவும் குறையவில்லை. சிரிப்புக்கு இடமானது அவருடைய பதற்றம் மட்டுமே. வேற்று நாட்டில் கற்பிக்க வந்தவர், அங்குள்ள பிள்ளையிடம் இவ்வளவு விரைவாகக் கற்றுக்கொண்டதை நான் முன்பு கண்டதில்லை.

குறைகளும் உண்டு. கூத்தில் வந்து சிரிக்க வைக்கும் கட்டியக்காரனும் இசை நாடகத்தின் பபூனும், அம்பலாங்கொடை முகமூடிகளோடு ஊர் அதிகாரிகளைக் கேலி செய்யும் சிங்களக் கோலம் நாடகமும் இருக்கும் நாட்டில், அவை பற்றி ஒரு சொல்லும் பேசப்படவில்லை. மொழிபெயர்ப்பாளர் கட்டியக்காரனின் நடையை இடைவேளையில் ஆடிக் காட்டியபோது ஆசிரியை வாய்பிளந்து பார்த்தார். அதை வகுப்புக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். ஆறு வயதினரையும் பதின்மூன்று வயதினரையும் ஒன்றாக நிறுத்தியதும் சரியில்லை. என் மருமகன் மூன்றாம் வாரம் தூங்கியே விட்டான். மூக்குகள் பெரியவர்களின் அளவு. வியர்வையில் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தன, தொடக் கூடாதென்ற விதியோ அப்படியே இருந்தது. கடைசி நாள் நிகழ்ச்சி நாற்பது நிமிடம் தாமதம். கைத்தொலைபேசிகளை உயர்த்திப் பிடித்த பெற்றோரின் முகம் தெரியாததால், கண்ணைப் பார்க்கப் பழகிய பிள்ளைகள் திணறினார்கள். இதில் ஏற்பாட்டாளர்களைவிட எங்கள் பிழையே பெரிது.

எட்டு வயதுக்கு மேற்பட்ட, கூச்சமுள்ள பிள்ளையானால் தயங்காமல் சேர்க்கலாம். மேடையில் துடுக்காகப் பேசிப் பழகிய பிள்ளைக்கு முதல் இரு வாரமும் கடினம், பேசவே விடமாட்டார்கள். மூக்குக்கு உள்ளே ஒட்டச் சிறிது பஞ்சு கொண்டு போங்கள்.