அறைக்குள் நாற்று வளர்க்க விளக்கும் போத்தலும் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மாரி மழை நாற்று மேடையை அடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில், இந்த முறை வீட்டு அறைக்குள்ளேயே மிளகாய், கறிமிளகாய் நாற்று வளர்க்க நினைத்திருப்பவர்கள் கடைக்குப் போக முன் இதை வாசித்துவிடுங்கள். யாழ் நகரில் ஒரு கடையில் 'அறைக்குள் பயிர் வளர்க்கும் தொகுதி' என்று ஒன்றை விற்கிறார்கள். ஊதா நிற விளக்கு ஒன்று, தும்புத்தூள் கட்டிகள், நாற்றுத் தட்டுகள், இரண்டு போத்தல் திரவப் பசளை. விலை 18,500 ரூபா. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. ஆனால் பொருளையும் விற்கும் விதத்தையும் முழுமையாகச் சொல்கிறேன், பார்த்தவுடன் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

நாற்றுகள் நன்றாகத்தான் முளைத்தன. நாலாம் இலை விரியும்போது குருத்து வெளுக்கத் தொடங்கியது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பட்ட இடமெல்லாம் மஞ்சள். கீழ் இலைகளில் ஒரு குறையும் இல்லை. கடைக்காரர் வாங்கும்போதே, "என்ன பிரச்சினை என்றாலும் வட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள் அக்கா, பார்த்துச் சொல்கிறேன்" என்றிருந்தார். அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: கல்சியம், மக்னீசியம் குறைபாடு, இந்தப் போத்தலை ஊற்றுங்கள், 4,200 ரூபா. தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. வேரைப் பார்த்தீர்களா, வெளுத்தது மேல் இலையா கீழ் இலையா என்ற கேள்விகளும் இல்லை.

ஊற்றினேன். மஞ்சள் மாறவில்லை, அதோடு இலை நுனிகளும் கருகத் தொடங்கின. மறுபடியும் படம், மறுபடியும் பதில், இந்த முறை வேறு போத்தல். ஒவ்வொரு அறிகுறிக்கும் அவரிடம் ஒரு போத்தல் இருந்தது.

முதலில் தந்த கல்சியப் போத்தலின் படத்தை ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தியின் மகனுக்கு அனுப்பினேன். தோட்டப் பொருள் விற்கும் கடையில்தான் அவனுக்கு வேலை. அவன் சொன்ன பிறகுதான் விசயம் விளங்கியது. கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது, பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டில் நான்கு செடி வரை வளர்க்கலாம். இப்படி ஊதா விளக்குக்கும் சிறு போத்தல்களுக்கும் அங்கே பெரிய சந்தை அந்த வளர்ப்பாளர்கள்தான். "அக்கா, வடிகட்டி உப்பெல்லாம் நீக்கிய தண்ணீரில் வளர்க்கிறவர்களுக்குத்தான் முக்கியமாக இந்தக் கல்சியத் திரவம் தேவை. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்கு இது எதற்கு?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை விற்கிறவர் அல்லவா கேட்டிருக்க வேண்டும்! யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கி நிற்கும் நிலத்தடி நீரைத்தான் பெரும்பாலும் குடிக்கிறோம், குளிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது கல்சியம். இலவசமாகக் கிணற்றில் நிறைந்து கிடப்பதையே 4,200 ரூபாவுக்குப் போத்தலில் அடைத்து யாழ்ப்பாணத்தானுக்கு விற்கிறார்கள். கஞ்சா வளர்ப்பது இங்கே குற்றம், அதனால் பெட்டியில் இருந்த படத்தின் மேல் மிளகாய்ப் படம் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். விளக்கின் பெட்டியில் அந்த ஒட்டுத்தாள் ஓரம் பெயர்ந்து, அடியில் ஏழு விரல் இலை தெரிகிறது.

அடுத்து வந்தது இலைச் சுருட்டல். இதற்குக் கடைக்காரர் தந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. பழைய குடிதண்ணீர்ப் போத்தலில் மண்ணிறத் திரவம். சிட்டை இல்லை, பெயர் இல்லை, எவ்வளவு கலப்பது என்ற அளவு இல்லை. "ஒரு மூடி போதும், எல்லாப் பூச்சிக்கும் கேட்கும்" என்று வாயால் சொல்லித் தந்தார். வீட்டில் மூடியைத் திறந்ததும் அந்த நெடி மூக்கைப் பிடித்தது. நாற்று அறைக்கு அடுத்தது குசினி, பேரப்பிள்ளை தவழ்ந்து திரிகிற வீடு. அதை நான் தெளிக்கவில்லை. இலங்கையில் பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்த 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்யாத மருந்தையோ சிட்டை இல்லாத மருந்தையோ விற்கக் கூடாது. அதுவும் குடிதண்ணீர்ப் போத்தலில் நஞ்சை ஊற்றிக் கொடுப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று ஒரு கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

நாற்றொன்றைத் தும்புத்தூளோடும் வேரோடும் எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த விவசாயப் போதனாசிரியர் இளம் பிள்ளை. முதலில் வேரைக் கழுவிப் பார்த்தார், வெள்ளையாக இருந்தது. பிறகு மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, சுருண்ட குருத்தை அதன் மேல் பிடித்து விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். தாளில் தூசு விழுந்ததுபோல இருந்தது. "கொஞ்சம் பொறுங்கள் அம்மா" என்றார். அந்தத் தூசு நடக்கத் தொடங்கியது. ஊசி முனை அளவில், மெல்லிய மஞ்சள் நிறத்தில், நீளமான பூச்சிகள். பனிப்பூச்சி. கைவில்லையைக் கொடுத்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார், நரம்போரத்தில் சுரண்டிய வெள்ளித் தழும்புகள் தெரிந்தன.

அவர் சொன்னதை எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மிளகாய் இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை ஒடுங்கினால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் மருந்து வேறு. பூச்சிக்கு அடிப்பது உண்ணிக்குக் கேட்காமல் போகலாம், 'எல்லாவற்றுக்கும் கேட்கும்' என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். என் நாற்றுகளுக்கு அவர் நீல நிற ஒட்டுப்பொறியும் சவர்க்காரம் கலந்த வேப்பெண்ணெயும் போதும் என்றார்.

மஞ்சளுக்கும் காரணம் சொன்னார். நைதரசன் போதாவிட்டால் முதலில் வெளுப்பது அடி இலை, மக்னீசியக் குறையும் அடி இலையில்தான் தொடங்கும். செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பிவிடும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது, ஆகவே இரும்புக் குறை குருத்தில் தெரியும், நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள். என் நாற்றில் இருந்தது அதுதான். இரும்பே இல்லை என்பதல்ல, காரத்தன்மை கூடிய தண்ணீரில் இரும்பு கரையாமல் கிடக்கிறது, வேரால் அதை எடுக்க முடியவில்லை. சோதனைத் தாளை எங்கள் கிணற்று நீரில் தோய்த்தபோது பி.எச். 8க்குக் கிட்டக் காட்டியது, தும்புத்தூளில் வளரும் மிளகாய்க்கு 5.5 தொடக்கம் 6.5 வரை இருப்பது நல்லது. அதற்கு மேலே கல்சியத்தை ஊற்ற ஊற்ற உப்புத்தான் ஏறும். நுனி கருகியதன் காரணம் அந்த உப்பும், கழுவாமல் விற்ற தும்புத்தூளில் இருந்த உப்பும்.

மருந்துக்குச் செலவே இல்லை. மாரியில் கூரையிலிருந்து விழும் மழைநீரைப் பிடித்து ஊற்றச் சொன்னார். மழை இல்லாத நாளில் கிணற்று நீரில் தேசிக்காய்ச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சோதனைத் தாளில் 6க்குக் கிட்ட வந்ததும் நிறுத்தச் சொன்னார். தும்புத்தூளை மழைநீரால் நன்றாக அலசி ஊற்றினேன். கருகிய இலைகள் மீளவில்லை, பாதி நாற்று போய்விட்டது. மிஞ்சியவற்றில் பிறகு விரிந்த குருத்துகள் பச்சையாக வந்தன.

விளக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்டியில் '1000 வாற்று' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வீட்டில் மற்ற எல்லா மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு அந்த விளக்கை மட்டும் எரியவிட்டு மின்மானிக்கு முன்னால் நின்றேன். எங்கள் மானியில் ஓர் அலகுக்குச் சிவப்புப் பொட்டு 1600 தடவை மின்னும் என்று அச்சிட்டிருக்கிறது. உண்மையிலேயே 1000 வாற்று என்றால் நிமிடத்துக்கு 26, 27 தடவை மின்ன வேண்டும். ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையில் இருபது விநாடிக்கு மேல் ஆனது, அதாவது ஏறக்குறைய 100 வாற்று. உங்கள் மானியில் எண் வேறாக இருக்கலாம், கணக்கு ஒன்றுதான். அதைவிட, ஊதா வெளிச்சத்தில் இலையின் உண்மை நிறமே தெரியாது, மஞ்சளா பச்சையா என்று பார்க்கத் தட்டை வெளியே தூக்கிவர வேண்டியிருந்தது. நாற்றுக்குச் சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. குழாய் விளக்கு இரண்டை ஒரு சாண் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் தாராளமாகப் போதும். இப்போது என் அறையில் எரிவது அதுதான்.

இவ்வளவையும் கொண்டுபோய்க் கடையில் வைத்துக் கேட்டேன். "பத்துப் பேருக்கு நன்றாக வருகிறது, உங்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை" என்றார். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, புத்தகம் முடிந்துவிட்டது என்றார். 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது எதற்கென்று தெரியாத போத்தல்களையெல்லாம் வாங்கி ஏமாந்த தோட்டக்காரர் எத்தனை பேர்! அவர்களுக்கும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். தோட்டம் செய்து பிள்ளைகளைப் படிப்பித்த ஊரில் நின்றுகொண்டு ஒருவர் இப்படிச் சொல்வதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு விளக்குப் பெட்டியின் படம், வட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு எல்லாவற்றையும் இணைத்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். சிட்டை இல்லாத மருந்துப் போத்தல் பற்றித் தனியாக எழுதியிருக்கிறேன். நீங்களும் இதே தொகுதியை வாங்கியிருந்தால், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977, பயிர் நோய் பற்றிக் கேட்க விவசாயத் திணைக்களத்தின் இலக்கம் 1920. அந்த மண்ணிறத் திரவம் உங்கள் வீட்டிலும் இருந்தால் தயவுசெய்து வளவில் ஊற்றிவிடாதீர்கள், எங்கள் சுண்ணாம்புப் பாறையில் அது கிணற்றுக்கு இறங்க அதிக காலம் எடுக்காது. இறுக மூடி, மேலே 'நஞ்சு' என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள்.