அக்கோ நகரில் ஒரு வழிகாட்டியோடு அரைநாள்

சிலுவைப் போர் பாடத்தை வகுப்பில் எடுக்கும்போதெல்லாம் ஜெருசலேமை முஸ்லிம் ஆட்சியிலிருந்து மீட்க 1095இல் போப் இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பில் தொடங்கி, 1099, 1187, 1291 என்று ஆண்டுகளைத் தாண்டித் தாண்டிப் போய்விடுவேன். அந்த இருநூறு ஆண்டுகளும் அந்தப் பகுதியில் குடியேறியிருந்த ஐரோப்பியர்கள் எதை விற்று வாழ்ந்தார்கள் என்று ஒரு மாணவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இஸ்ரேலின் வடக்குக் கடற்கரையில் உள்ள அக்கோ (Acre) நகரில், உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு மகளோடு நான்கு மணி நேரம் நடந்தபோதுதான் அந்தப் பதில் கிடைத்தது.

ஹாஸ்பிட்டலர் துறவு வீரர்களின் கூடங்களில் அவர் எங்களை வாளுக்கும் கேடயத்துக்கும் அழைத்துப் போகவில்லை. நேரே சர்க்கரைக்குக் கூட்டிப் போனார். இந்தக் கட்டடத்தில் அகழ்ந்தெடுத்தவற்றில் சர்க்கரை வார்க்கும் கூம்பு வடிவ மண்பாண்டங்களும் உண்டு. இந்தக் கடற்கரையில் கரும்பு விளைந்தது; பாகு காய்ச்சி, கட்டியாக இறுக்கி, ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினார்கள். நோயாளிகளைப் பராமரிக்கத் தொடங்கிய ஒரு சபை சர்க்கரை உற்பத்தியும் செய்தது என்பதை அந்த இடத்தில் நின்று கேட்டபோது, நான் நடத்திய பாடத்தில் எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்று புரிந்தது.

பிறகு சந்துகள். 1104இல் ஜெருசலேமின் சிலுவைப் போர் அரசர் முதலாம் பால்ட்வின் இந்த நகரைப் பிடித்தது இத்தாலியின் ஜெனோவாக்காரர்களின் கப்பல்களால்தான். கைம்மாறாக அவர்களுக்குத் துறைமுக வருவாயில் பங்கு கிடைத்தது. வெனிஸ், பீசா வணிகர்களுக்கும் இங்கே தனித்தனிக் குடியிருப்புகள் இருந்தன. புனித சபாஸ் மடத்தின் நிலம் யாருக்கு என்று 1256இல் வெனிஸும் ஜெனோவாவும் மோதிக்கொண்டன. 1258இல் கடற்போரில் தோற்ற ஜெனோவாக்காரர்கள் டயர் நகருக்குப் போய்விட்டார்கள். ஒரே மதத்தவர் ஒரே ஊருக்குள் அடித்துக்கொண்ட இந்தக் கதையை, எல்லை எங்கே ஓடியது என்று கையால் காட்டிக்காட்டி, அவர் மிக அருமையாகச் சொன்னார். கொடுத்த பணம் இதற்கே தகும்.

ஒரு குறையை மட்டும் என்னால் விட முடியவில்லை. 1187இல் சுல்தான் சலாதீனிடம் போன நகரை 1191 ஜூலை 12இல் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டும் பிரான்சின் மன்னர் இரண்டாம் பிலிப்பும் மீட்டதை உற்சாகமாக விவரித்தவர், அடுத்த மாதத்துக்குள் நுழையவே இல்லை. மீட்புத்தொகை தாமதமானதைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 20 அன்று ஏறத்தாழ 2,700 முஸ்லிம் கைதிகளை ரிச்சர்ட் நகருக்கு வெளியே கொல்ல வைத்தார். கிளம்பும்போது அதைப் பற்றிக் கேட்டேன். "நேரமில்லை" என்றார். சர்க்கரைக்கு அரை மணி நேரம் இருந்தது. அந்தக் கைதிகளுக்கு இரண்டு நிமிடமாவது இருந்திருக்க வேண்டும்.

டெம்ப்ளர்கள் என்ற இன்னொரு துறவு வீரர் சபையின் சுரங்கப்பாதையில் அவர் மறுபடியும் என் மனத்தைப் பிடித்துக்கொண்டார். 1994இல் ஒரு வீட்டின் கழிவுநீர்க் குழாய் அடைப்பைச் சரிபார்க்கப் போய்க் கண்டுபிடித்தது இது. சுமார் 150 மீட்டர் நீளம். மேற்கே அந்தச் சபையின் கோட்டையிலிருந்து கிழக்கே துறைமுகம்வரை. கூரை தாழ்ந்த இடங்களில் முதுகை நன்றாக வளைக்க வேண்டும்; மூட்டுவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். 1291 மே 18இல் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தானின் படையிடம் நகரம் வீழ்ந்த பின்னும் பத்து நாள் தாக்குப்பிடித்த அந்தக் கோட்டை இன்று கடலுக்கடியில் கிடக்கிறது. இங்கிருந்த தேவாலயம் ஒன்றின் வாசலைச் சுல்தானின் ஆட்கள் பெயர்த்துக்கொண்டு போனதையும், அது கெய்ரோவில் சுல்தான் அந்-நாசிர் முஹம்மதின் மதரசாவில் இன்றும் நிற்பதையும் அங்கேதான் சொன்னார்.

வழிகாட்டி அமர்த்துகிறவர்கள் 1191 ஆகஸ்டையும் சேர்த்துச் சொல்லும்படி முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கிளம்பும் நேரத்தில்தான் கேட்டேன்.