கேப்ஸ்டோன் சி65 மைக்ரோ டர்பைன்: முதலில் புகைக்குழாயைப் பாருங்கள்

கேப்ஸ்டோன் சி65 என்பது எரிவாயுவை எரித்து மின்சாரம் தரும் சிறிய டர்பைன். 65 கிலோவாட் மின்சாரம், 29% திறன். கேட்டலாக்கில் கண்ணில் படும் எண்கள் இவைதான். மின்சாரத்துக்காக மட்டும் பார்ப்பவர் இங்கேயே திரும்பிவிடலாம். இதே அளவு கேஸ் இன்ஜின் 33-லிருந்து 36% வரை சாதாரணமாகக் கொடுக்கும். இந்த மெஷினின் மதிப்பு பின்பக்கக் குழாயில் இருக்கிறது: நொடிக்கு 0.49 கிலோ புகை, 309 டிகிரியில்.

29% என்பது மட்டமான எண் அல்ல, அதையும் சொல்ல வேண்டும். காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் கம்ப்ரசரின் அழுத்த விகிதம் 4-க்கும் கீழே. 3.6 என்று வைத்துக்கொண்டு கையால் ஒரு கணக்குப் போடுவோம். கம்ப்ரசர் திறன் 78%, டர்பைன் திறன் 84%, டர்பைனுக்குள் நுழையும் வாயு 900 டிகிரி. 15 டிகிரியில் உள்ளே வரும் காற்று கம்ப்ரசரை விட்டு வெளியே வரும்போது 178 டிகிரி ஆகியிருக்கும். டர்பைனை விட்டு வரும் புகை 640 டிகிரி. ஒரு கிலோ காற்றுக்கு மிஞ்சும் வேலை சுமார் 130 கிலோஜூல். புகையின் சூட்டை உள்ளே போகும் காற்றுக்கு மாற்றும் ரெக்கூப்பரேட்டர் இல்லாவிட்டால் அந்த ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 800 கிலோஜூல் எரிபொருள் போட வேண்டும். திறன் 16-17 சதவீதத்தில் நின்றுவிடும். ரெக்கூப்பரேட்டர் அந்த 640 டிகிரி புகையை 309 வரை இறக்கி, எடுத்த சூட்டைக் காற்றுக்குத் தருகிறது. எரிபொருள் கிட்டத்தட்ட பாதியாகிறது. இந்த மெஷினின் உயிர் மெல்லிய தகடுகளால் ஆன அந்த உருளைதான். அதில் விரிசல் விட்டால் அழுத்தக் காற்று புகையோடு கலந்து ஓடிவிடும். மெஷின் சத்தமில்லாமல் ஓடும், கேஸ் பில் மட்டும் ஏறும். அதனால் புகை வெப்பநிலையையும் ஒரு யூனிட்டுக்கு ஆகும் கேஸையும் வாரம் ஒருமுறையாவது குறித்து வையுங்கள்.

இனி பொடி எழுத்து. அந்த 29% கடல்மட்டத்தில் 15 டிகிரிக் காற்றுக்கு, எரிபொருளின் நிகர வெப்ப மதிப்பில் (புகையிலுள்ள நீராவியின் சூட்டைச் சேர்க்காமல்) சொன்னது. அதையும் சேர்த்த மொத்த வெப்ப மதிப்பில் கேஸ் பில் வந்தால் அதே எண் 26% ஆகிவிடும். சென்னையில் 35 டிகிரி சர்வசாதாரணம். அந்தச் சூட்டில் காற்று 6.5% லேசாகிறது, கம்ப்ரசருக்கு 7% கூடுதல் வேலை. இரண்டும் சேர்ந்தால் மேலே போட்ட கணக்கின்படி 65 கிலோவாட் 56 பக்கம் வந்துவிடும். காற்றின் சூடு ஏற ஏற மின்சாரம் எவ்வளவு குறையும் என்று காட்டும் வெப்பநிலை வளைவை விற்பவரிடம் கேட்டு, உங்கள் ஊர் மே மாதப் பகலுக்கு எவ்வளவு என்று பென்சிலால் குறித்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

கேஸ் அழுத்தமும் கவனிக்க வேண்டியது. உயர் அழுத்த மாடலுக்கு 5 பாருக்கு மேல் வேண்டும். லைனில் அது இல்லையென்றால் அழுத்தத்தை ஏற்றும் பூஸ்டர் வைக்க வேண்டும். அது 4 கிலோவாட் தின்றால் 29% என்பது 27% ஆகிவிடும். பல கொட்டேஷன்களில் இந்தக் கழிவு எங்கேயும் இருக்காது.

சரி, புகைக்கு வருவோம். முழு லோடில் உள்ளே போகும் எரிபொருள் 224 கிலோவாட், அதாவது மணிக்கு 22 கன மீட்டர் சொச்சம் இயற்கை எரிவாயு. புகையை 90 டிகிரி வரை இறக்கி வெந்நீர் போட்டால் 113 கிலோவாட் சூடு கிடைக்கும். 60 டிகிரியில் வரும் தண்ணீரை 80 ஆக்கினால் மணிக்கு 4,800 லிட்டர். மின்சாரமும் சூடும் சேர்த்து மொத்தப் பயன்பாடு 79%. அதே புகையில் 8 பார் நீராவி எடுக்கப் போனால் கதையே வேறு. புகையை 190 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாது, கிடைப்பது 61 கிலோவாட், மணிக்கு 90 கிலோ நீராவி. மொத்தம் 56% தான். நீராவி வேண்டும் என்பவருக்கு இது சரிவராது. வெந்நீர், உறிஞ்சு குளிர்விப்பான் (சூட்டைக் கொண்டே குளிர்விக்கும் மெஷின்), புகையை நேரடியாக விட்டு உலர்த்துவது ஆகியவற்றுக்கு அருமை. இயற்கை எரிவாயுவில் நைட்ரஜன் ஆக்ஸைடு 9 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 9 பங்கு) இருப்பது உலர்த்துபவருக்குக் கூடுதல் லாபம். ஒரு எச்சரிக்கை: புகைப்பாதையின் எதிரழுத்தம் 8 அங்குலத் தண்ணீர் அளவைத் தாண்டக்கூடாது. ஹீட் எக்ஸ்சேஞ்சர், வளைவுகள், சைலன்சர் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

பராமரிப்பில் இதற்கு முழு மார்க். நிமிடத்துக்கு 96,000 சுற்று சுற்றும் ஒரே தண்டு. கம்ப்ரசர், டர்பைன், ஜெனரேட்டர் மூன்றும் அதன்மேல். கியர் கிடையாது, எண்ணெய் கிடையாது, தண்டு காற்றுப் படலத்தில் மிதக்கிறது. வழக்கமான வேலை ஏர் ஃபில்டர், எரிபொருள் ஃபில்டர், இக்னைட்டர், தெர்மோகப்பிள், இவ்வளவுதான். டர்பைன் பகுதிக்கு ஓவர்ஹால் 40,000 மணிநேரத்தில். ஆனால் காற்றுப் படலம் வேகம் ஏறிய பிறகுதான் உருவாகும். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஸ்டாப்பிலும் பேரிங் தகடு உரசும். தினம் நாலு தடவை நிறுத்தி ஓட்டுகிற இடத்தில் அந்த 40,000-ஐ நம்ப வேண்டாம்.

சாண எரிவாயு, கழிவுநீர் எரிவாயு வைத்திருப்பவர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கண்டு பயப்படுவார்கள். அதற்கான மாடல் 5,000 பிபிஎம் வரை தாங்கும். உண்மையான வில்லன் சிலோக்சேன் என்ற சிலிக்கான் சேர்மம். ஷாம்புவிலிருந்தும் அழகுசாதனப் பொருட்களிலிருந்தும் கழிவுநீருக்கு வருவது. எரிந்ததும் மணலாகி டர்பைன் இறக்கையிலும் ரெக்கூப்பரேட்டர் இடுக்கிலும் படியும். கார்பன் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். அது நிரம்பிய தேதியைத் தவறவிட்டால் ஃபில்டரே இல்லாதது போலத்தான்.

ஆண்டு முழுக்க 100 கிலோவாட் வெந்நீர் கேட்கும் ஹோட்டல், மருத்துவமனை, நீச்சல்குளம் என்றால் தாராளமாக வாங்கலாம். பகலில் மட்டும் லோடு, சூட்டுக்கு வேலையே இல்லை என்றால் கேஸ் இன்ஜின் பக்கம் போய்விடுங்கள். எதுவானாலும், 35 டிகிரியில் பூஸ்டர் கழித்த நிகர கிலோவாட்டும் ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோகலோரி மொத்த வெப்பம் என்பதும் ஆர்டரில் எழுத்தில் இருக்கட்டும்.