ஹாங்காங் டிராம்: 3.30 டாலருக்குத் தீவின் வடகரை வட்டாரங்கள்

ஹாங்காங் தீவின் வடகரை முழுவதையும் வட்டாரம் வட்டாரமாகப் பார்க்க நினைப்பவருக்கு டூரிஸ்ட் பஸ் தேவையில்லை. இரட்டை மாடி டிராமில் மேல்தளத்து முன்வரிசை இருக்கை ஒன்று கிடைத்தால் போதும். 1904 ஜூலை முதல் ஓடும் இந்த டிராம் மேற்கே கென்னடி டவுனில் தொடங்கிக் கிழக்கே சௌ கெய் வானில் முடிகிறது. தூரம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். கருவாட்டுக் கடைகள், வங்கிக் கோபுரங்கள், பழைய அடகுக்கடைக் கட்டடம், காய்கறிச் சந்தை, மீனவர் கோயில் எல்லாம் இந்த ஒரே பாதையில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. உள்ளூர்க்காரர்கள் இதை ‘டிங் டிங்’ என்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களும் சந்தைக்குப் போகும் பாட்டிகளும்தான் இதன் பெரும்பான்மைப் பயணிகள் என்பதால், நகரத்தை அதன் சொந்த நடையிலேயே பார்க்கக் கிடைக்கிறது.

இந்தப் பாதை இவ்வளவு பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம் பழைய கடற்கரை. டிராம் போடப்பட்ட காலத்தில் தண்டவாளம் பெரும்பாலும் கரையை ஒட்டியே போனது. அதன்பின் கடலை மண் கொட்டித் தூர்த்துக்கொண்டே போனதில் தண்டவாளம் ஊருக்குள் வந்துவிட்டது. வான் சாயில் நேரான ஹென்னெசி சாலையை விட்டுவிட்டு டிராம் வளைந்து நெளிந்து ஜான்ஸ்டன் சாலையில் நுழைவதைக் கவனியுங்கள். அந்த வளைவுதான் 1920களுக்கு முந்தைய கரை. ஹென்னெசி சாலை இருக்கும் நிலம் அதற்குப் பிறகு தூர்க்கப்பட்டது. கிழக்கே போகும்போது இடப்பக்கம் தெரிகிற கட்டடங்களில் பெரும்பாலானவை ஒருகாலத்தில் கடலாக இருந்த இடத்தில் நிற்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதை முழுவதும் வேறுவிதமாகத் தெரியும்.

ஏறுவதும் இறங்குவதும்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஏறுவது பின்வாசலில், அங்கே காசும் வாங்கமாட்டார்கள், கார்டும் காட்ட வேண்டாம். இறங்குவது ஓட்டுநருக்குப் பக்கத்தில் உள்ள முன்வாசலில். கட்டணம் செலுத்துவதும் அங்கேதான். ஒரு நிறுத்தம் போனாலும் கடைசி வரை போனாலும் பெரியவர்களுக்கு ஒரே கட்டணம்: 3.30 ஹாங்காங் டாலர் (2025 மே மாதம் 3 டாலரிலிருந்து உயர்ந்தது). குழந்தைகளுக்கும் 65 வயது கடந்தவர்களுக்கும் இன்னும் குறைவு. உண்டியலில் நாணயம் போடலாம், ஆனால் மீதிச் சில்லறை கிடைக்காது. மூன்று டாலர் முப்பது சென்டைச் சரியாகப் பொறுக்கி எடுப்பது நிற்கும் வரிசையில் எரிச்சலூட்டும் வேலை. முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் ஆக்டோபஸ் கார்டு ஒன்று கையில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதே கார்டு மெட்ரோவுக்கும் படகுக்கும் செல்லும். இறங்கி ஏறும் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஐந்து முறை ஏறி இறங்கினாலும் 16.50 டாலர்தான் ஆகும்.

இறங்கும் இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்துவிட வேண்டும். நிறுத்தங்களுக்கு இடையே சராசரியாகக் கால் கிலோமீட்டர்தான் இருக்கும். மேல்தளத்தில் முன்பக்கப் படி வழியாக இறங்கி, கீழே நிற்கும் கூட்டத்தைத் தாண்டி ஓட்டுநர் அருகே போய்ச் சேர்வதற்குள் வண்டி நின்று கிளம்பிவிடும். பின்பக்கப் படியில் இறங்கினால் ஏறி வருகிறவர்களை எதிர்த்து முட்ட வேண்டியிருக்கும். அந்த வழியை மறந்துவிடுங்கள். படிகள் குறுகலானவை, திருப்பமும் உண்டு. பெரிய பெட்டியோ குழந்தைத் தள்ளுவண்டியோ கொண்டுவருகிறவர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இந்தச் சேவையைப் பரிந்துரைக்க முடியாது. சக்கர நாற்காலியில் வருவோருக்கு மெட்ரோதான் சரி.

நிறுத்தங்கள் பெரும்பாலும் சாலை நடுவே ஒடுக்கமான திட்டுகளாக இருக்கும். நிறுத்த எண்ணோடு E என்ற எழுத்து இருந்தால் கிழக்கே போகும் வண்டிக்கு, W இருந்தால் மேற்கே போகும் வண்டிக்கு.

எந்த வண்டி?

பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தில் ஆறு தடங்கள் ஓடுவதால் முன்நெற்றியில் உள்ள பெயர்ப் பலகையைப் படிக்காமல் ஏறக்கூடாது. எல்லா வண்டியும் முனையிலிருந்து முனைக்குப் போவதில்லை. கிழக்கே போகிறவர்கள் அதிகம் ஏமாறுவது ஹேப்பி வேலி வண்டியில். அது காஸ்வே பே பகுதியில் முக்கியத் தடத்தை விட்டு வலப்பக்கம் திரும்பி, குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றப் போய்விடும். தெரிந்தே ஏறினால் நல்ல துணைப்பயணம் அது. போகும்போது திடல் வலப்பக்கம். முனையத்தில் இறங்கித் திரும்பும் வண்டியில் ஏறினால் இடப்பக்கச் சரிவில் பார்சிகள், கத்தோலிக்கர், முஸ்லிம்கள் என்று தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் வரிசையாக வரும். அதே சாலையில் ஒரு இந்துக் கோயிலும் உண்டு. பந்தயப் பருவத்தில் புதன்கிழமை மாலைகளில் மட்டும் இந்தக் கிளையைத் தவிருங்கள், நிற்கவும் இடம் இருக்காது.

மேற்கிலிருந்து கிழக்கே

திசையும் நேரமும் முக்கியம். காலை ஒன்பதரை வாக்கில் கென்னடி டவுனில் தொடங்குவது சிறந்த ஏற்பாடு. அங்கே வண்டி காலியாகப் புறப்படுவதால் மேல்தள முன்வரிசை கிடைக்கும். நடுவழியில் ஏறினால் அந்த இருக்கை கிடைப்பது அபூர்வம். அலுவலகக் கூட்டமும் அதற்குள் வடிந்திருக்கும். கென்னடி டவுனில் கடலையொட்டிய தெரு இன்னும் இருக்கிறது. ஏறும் முன் ஐந்து நிமிடம் அங்கே நடந்துவிட்டு வாருங்கள், இதற்குப் பிறகு பாதையில் கடல் தென்படாது.

சாய் யிங் புன் தாண்டி ஷேயுங் வானுக்குள் நுழையும்போது திறந்த ஜன்னல் வழியே கருவாட்டு வாசனை வரும். டே வூ மேற்குச் சாலையின் இருபுறமும் உலர்ந்த சிப்பி, கடல் அட்டை, மீனின் காற்றுப்பை விற்கும் கடைகள். இந்தப் பகுதியில் இறங்கி நடப்பதே நல்லது. சரக்கு இறக்குவது, தரம் பிரிப்பது எல்லாம் நடைபாதையிலேயே நடக்கும். பிறகு இடப்பக்கம் 1906ஆம் ஆண்டின் செங்கல் கட்டடமான வெஸ்டர்ன் மார்க்கெட். இங்கிருந்து மலைப்பக்கம் படியேறினால் ஹாலிவுட் சாலையில் 1847இல் கட்டப்பட்ட மன் மோ கோயில். கூரையிலிருந்து சுருள் சுருளாகத் தொங்கும் ஊதுவத்திகளின் புகை அடர்த்தியாக இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் வாசலோடு நின்றுகொள்ளலாம்.

சென்ட்ரலில் வலப்பக்கம் பழைய சந்தைக் கட்டடம், 2021இல் புதுப்பித்துத் திறந்தார்கள். மலைக்குடியிருப்புகளுக்குப் போகும் 800 மீட்டர் நீள நகரும் படிக்கட்டு இங்கிருந்துதான் கிளம்புகிறது. காலை 6 முதல் 10 வரை அது கீழ்நோக்கி மட்டும் ஓடும், 10 மணிக்குப் பிறகு மேல்நோக்கி. ஒன்பதரைக்குக் கென்னடி டவுனில் ஏறச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: வழியில் கருவாட்டுக் கடைகளைப் பார்த்துவிட்டு வந்தால் படிக்கட்டு உங்களுக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கும்.

அடுத்த சில நிமிடங்கள் பாதையின் உச்சங்களில் ஒன்று. வலப்பக்கம் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த எச்எஸ்பிசி வங்கியின் ஹாங்காங் தலைமையகம், இடப்பக்கம் சிலைச் சதுக்கமும் 1912இல் திறந்த பழைய உச்ச நீதிமன்றமும், மறுபடி வலப்பக்கம் ஐ.எம். பெய்யின் முக்கோணங்கள் அடுக்கிய பேங்க் ஆஃப் சைனா கோபுரம். மேல்தளத்தின் உயரம் இங்கேதான் பயன்படுகிறது: நடைபாதையிலிருந்து பார்க்கும்போது மறைக்கிறவற்றில் பல கண்ணுக்குக் கீழே போய்விடும். ஞாயிற்றுக்கிழமையானால் எச்எஸ்பிசி கட்டடத்துக்கு அடியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரக்கணக்கான பிலிப்பைன்ஸ் வீட்டுப் பணிப்பெண்கள் அட்டை விரித்து உட்கார்ந்து விடுமுறையைக் கழிப்பார்கள். அவர்களைக் காட்சிப்பொருளாக்கிப் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது.

அட்மிரால்டியில் பார்க்க அதிகம் இல்லை, சட்டென்று கடந்துவிடலாம். வான் சாயில் இடப்பக்கம் சதர்ன் விளையாட்டுத் திடல், வலப்பக்கம் வராந்தா வைத்த பழைய அடகுக்கடைக் கட்டடம். மலைப்பக்கச் சந்துகளில் சந்தைக் கடைகள். காஸ்வே பேயில் டைம்ஸ் ஸ்கொயர் வணிக வளாகம் நிற்கும் இடம் முன்பு டிராம் பணிமனை. விக்டோரியா பூங்கா இடப்பக்கம் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தோனேசியப் பணிப்பெண்கள் கூடுவது இங்கே.

நார்த் பாயின்ட்டில் இந்தச் சேவை தருகிற சிறந்த ஐந்து நிமிடங்கள் இருக்கின்றன, அதையே பலர் தவறவிடுகிறார்கள். சுன் யெங் தெருவில் காய்கறி, மீன், இறைச்சிக் கடைகளுக்கு நடுவே தண்டவாளம் போகிறது. வண்டி மணியடித்துக்கொண்டு ஆள் நடக்கும் வேகத்தில் வர, கூட்டம் விலகி வழிவிட்டுப் பின்னால் மறுபடி மூடிக்கொள்ளும். ‘நார்த் பாயின்ட்’ என்று பலகை போட்ட வண்டி மட்டுமே இந்தத் தெருவுக்குள் போகும். சௌ கெய் வான் வண்டி நேராகக் கிங்ஸ் சாலையிலேயே போய்விடும். ஆகவே காஸ்வே பேயில் இறங்கி, நார்த் பாயின்ட் வண்டிக்கு மாறிக்கொள்ளுங்கள். சந்தையைப் பார்த்த பின் கிங்ஸ் சாலைக்கு நடந்து வந்து கிழக்கே போகும் வண்டியைப் பிடிக்கலாம்.

குவாரி பேயில் வலப்பக்கம் நெருக்கியடித்த மாடங்களோடு நிற்கும் குடியிருப்புத் தொகுப்பு இணையப் படங்களால் உலகப் புகழ் பெற்றுவிட்டது. உள்முற்றத்தில் நின்று படம் எடுப்பதைக் குடியிருப்பவர்கள் விரும்புவதில்லை. டிராமிலிருந்து முகப்பைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது மரியாதை. சௌ கெய் வான் முனையத்தில் பழைய மீனவர் ஊரின் மிச்சம்: தின் ஹாவ் கோயில், மீன் உருண்டை நூடுல்ஸ் கடைகள், நடந்து போகும் தூரத்தில் மலைமேல் கடற்காப்பு அருங்காட்சியகம்.

எங்கே சொதப்பும்

இறங்காமல் முனைக்கு முனை போனாலே ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். மேலே சொன்ன நிறுத்தங்களோடு பார்த்தால் அரை நாளுக்கு மேல். திரும்பி வரவும் டிராமையே நம்பினால் மாலைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். 1985இல் திறந்த ஐலண்ட் லைன் மெட்ரோ கிட்டத்தட்ட இதே பாதையில் நிலத்துக்கு அடியில் ஓடுகிறது. கென்னடி டவுன் வரை அது நீண்டது 2014 இறுதியில். போக டிராம், வர மெட்ரோ என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

தண்டவாளத்தில் வண்டி வண்டியை முந்த முடியாது. ஒரு சரக்கு லாரி பாதையை மறித்து நின்றாலே பின்னால் ஏழெட்டு வண்டி தேங்கிவிடும். அதன் விளைவாகப் பத்து நிமிடம் ஒன்றும் வராது, பிறகு நான்கு சேர்ந்து வரும். அப்படி வரும்போது பிதுங்கி வழியும் முதல் வண்டியை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறுங்கள், மேல்தளம் பாதி காலியாகவே இருக்கும்.

ஏசி கிடையாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நண்பகலில் வண்டி நிற்கும்போதெல்லாம் வேர்த்துக் கொட்டும். மழை வந்தால் ஜன்னலை மூட வேண்டியிருப்பதால் புழுக்கம் இன்னும் கூடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை அருமை. எட்டாம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றினால் சேவையை நிறுத்திவிடுவார்கள், அன்று திட்டம் போடவே வேண்டாம். எதிரெதிர் வண்டிகள் கை நீட்டினால் தொடும் இடைவெளியில் கடப்பதால் கேமராவையோ தலையையோ ஜன்னலுக்கு வெளியே நீட்டுவது உண்மையிலேயே ஆபத்து.

இரவுப் பயணம் பற்றி ஒரு வார்த்தை. பழைய புகைப்படங்களில் காணும் நியான் பலகைகளை எதிர்பார்த்து ஏறினால் ஏமாற்றமாக இருக்கும், பாதுகாப்பு விதிகளால் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டார்கள். ஆனாலும் எட்டு மணிக்கு மேல் காற்றும் குளிரும் கூட்டக் குறைவும் சேர்ந்து சென்ட்ரல் முதல் காஸ்வே பே வரையிலான துண்டு இனிமையாகவே இருக்கும்.

இதே தண்டவாளத்தில் மேல்தளம் திறந்த, ஒலி வழிகாட்டியோடு கூடிய சுற்றுலா டிராமும் ஓடுகிறது. சாதாரணக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு விலை. ஒரு மணி நேரத்தில் வெஸ்டர்ன் மார்க்கெட்டுக்கும் காஸ்வே பேக்கும் இடையே ஓடி முடிப்பதால் நார்த் பாயின்ட்டும் கிழக்கு வட்டாரங்களும் அதில் இல்லை. இடையில் இறங்கி நடக்க விரும்பாத முதியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். மலையுச்சிக்கு ஏறும் பீக் டிராம் முற்றிலும் வேறு சேவை: 1888 முதல் கம்பி வடத்தால் இழுக்கப்படுவது, தனிக் கட்டணம், தனி நிலையம். சாலை டிராமில் ஏறி உட்கார்ந்தால் அது உங்களை மலைக்குக் கொண்டுபோகாது. பேங்க் ஆஃப் சைனா அருகே இறங்கி கார்டன் சாலையில் மேல்நோக்கிப் பத்து நிமிடம் நடந்தால் அதன் அடிவார நிலையம்.

ஐந்துக்கு நாலரை. அந்த அரை மதிப்பெண் குறைவது படிகளுக்காகவும் சக்கர நாற்காலிக்கு இடமில்லாததற்காகவும்.