குரல் உடைகிறது என்று மிக்சரைச் சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மைக்குகளின் சத்தத்தைக் கலக்கும் ஆடியோ மிக்சரிலிருந்து லேப்டாப்புக்குப் பதிவு செய்தால் குரல் உடைகிறதா? மிக்சரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். எங்கள் 8 சேனல் மிக்சர் மூன்று வாரம் ஒரு சர்வீஸ் கடையில் கிடந்தது. எல்லாச் சேனலும் சேர்ந்து வெளியேறும் மாஸ்டர் பகுதியைச் சொல்லி, "மாஸ்டர் ஐ.சி. போயிடுச்சு" என்று ₹3,800 வாங்கினார்கள். அப்புறமும் குரல் உடையவே, "லேப்டாப் சவுண்ட் கார்டு சரியில்லை" என்று ₹1,450-க்கு ஒரு யுஎஸ்பி கார்டும், அதை இணைக்க ₹450-க்கு ஒரு கேபிளும் தலையில் கட்டினார்கள். பில் கேட்டபோது ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். மூடியைத் திறந்து பார்த்தால் மாஸ்டர் பகுதி ஐ.சி.கள் எல்லாவற்றின் மேலும் ஒரே பழைய தூசி. புது ஈயமும் இல்லை, ஃப்ளக்ஸ் கறையும் இல்லை. ₹5,700 போயிற்று, கோளாறு அப்படியே இருந்தது.

கோளாறு எங்கே என்பதைப் பதிவான ஃபைலே சொல்லிவிடும். ஆடாசிட்டியில் (ஒலியை அலையாகக் காட்டும் இலவச மென்பொருள்) திறந்து, சத்தம் உடையும் இடத்தை நன்றாக ஜூம் செய்யுங்கள். அலையின் உச்சி வளைந்து இறங்காமல், கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். சரியாக 0 டெசிபலில் நின்றால் கார்டுக்கு அளவுக்கு மீறி சிக்னல் போகிறது. மைனஸ் 6, மைனஸ் 8 என்று கீழேயே தட்டையாகிவிட்டால், ரெக்கார்டிங் ஸ்லைடரைத் தாண்டுவதற்கு முன்பே அலை வெட்டுப்பட்டுவிட்டது. ஸ்லைடரை எவ்வளவு இறக்கினாலும் வெட்டுப்பட்ட அலைதான் சின்னதாகும், உடைசல் போகாது.

அடுத்து, மிக்சரின் மெயின் ஃபேடரை (மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபட்டை) மட்டும் 10 டெசிபல் இறக்கி, அதே ஆளை அதே சத்தத்தில் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். உச்சி மறுபடி உருண்டையாகிவிட்டால் உடைந்த இடம் கார்டின் இன்புட். மிக்சர் மேல் தப்பில்லை. தட்டை அப்படியே இருந்து உயரம் மட்டும் குறைந்தால், ஃபேடருக்கு முன்னால், பெரும்பாலும் சேனல் கெயினில் (மைக் சிக்னலை முதலில் பெருக்கும் திருகு), உடைகிறது. கெயினைக் குறைத்தால் போதும். இரண்டு நிமிட வேலை. கடையில் இதைச் செய்யவே இல்லை.

"மாஸ்டர் போச்சு" என்பதையும் ஒரு மல்டிமீட்டரால் சோதிக்கலாம். போனில் 100 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஒரு சேனலில் கொடுங்கள். மெயின் மீட்டர் 0-வில் நிற்கட்டும். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, மெயின் அவுட்டில் செருகிய பி-38 ஸ்டீரியோ பின்னின் (பெரிய 6.35 மி.மீ. பின்) டிப்புக்கும் (நுனி) ரிங்குக்கும் (நடு வளையம்) இடையே அளந்தால், மாடலைப் பொறுத்து 0.775 வோல்ட் அல்லது 1.23 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். இடது, வலது இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்து, ஹெட்போனிலும் குரல் சுத்தமாகக் கேட்டால் மாஸ்டர் நன்றாகத்தான் இருக்கிறது. 1,000 ஹெர்ட்ஸ் டோன் போடாதீர்கள். மலிவு மீட்டர்கள் அந்த வேகத்தில் தப்பாகக் காட்டும்.

உடைசலுக்கு உண்மையான காரணம் அளவுப் பொருத்தமின்மை. மிக்சர் 0-வில் 1.23 வோல்ட் தருகிறது என்றால், உரக்கப் பாடும்போது அது சில வோல்ட்டுக்குப் போகும். லேப்டாப்பின் மைக் இன்புட்டோ மில்லிவோல்ட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் விண்டோஸில் 'மைக்ரோபோன் பூஸ்ட்' +20 டெசிபலில் இருந்தால் இன்னும் பத்து மடங்கு. +30 என்றால் முப்பது மடங்குக்கு மேல். உடையாமல் என்ன செய்யும்? டெஸ்க்டாப்பில் இளநீலத் துளை லைன் இன், ரோஸ் நிறத் துளை மைக். எப்போதும் இளநீலத்தில்தான் மிக்சர் போக வேண்டும்.

ஒற்றைத் துளை லேப்டாப்பில் வேறொரு ஏமாற்றம். சாதாரண ஸ்டீரியோ இ.பி. பின்னில் (ஹெட்போனில் வரும் சின்ன 3.5 மி.மீ. பின்) மூன்று தொடுமுனைதான் உண்டு. மைக்குக்கான நான்காவது இல்லை. அதைச் செருகினால் லேப்டாப் அதை ஹெட்போன் என்று எடுத்துக்கொண்டு, தன் உள் மைக்கிலேயே பதிவு செய்யும். பதிவு ஓடும்போது திரையின் ஓரத்தை நகத்தால் தட்டிப் பாருங்கள். தட்டல் 'டொக்' என்று பதிவானால், மிக்சரிலிருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை.

இனி அந்த ₹450 கேபிள். ஒரு முனையில் பி-38 ஸ்டீரியோ பின், மறுமுனையில் இ.பி. ஸ்டீரியோ பின். பேலன்ஸ்டு மெயின் அவுட்டில் டிப்பில் வருவதும் ரிங்கில் வருவதும் ஒரே குரல்தான், ஒன்றுக்கொன்று தலைகீழாக. இந்தக் கேபிள் டிப்பை இடது சேனலுக்கும் ரிங்கை வலது சேனலுக்கும் அனுப்புகிறது. ஸ்டீரியோ இன்புட்டில் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டால் குரல் நடுவில் நிற்காமல் காதோரம் பரவிக் குழைந்து கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குரல் கிட்டத்தட்ட மறைந்தேபோகும். பாடியவர் பதறிவிடுவார். ஆடாசிட்டியில் பார்த்தால் இடது மேலே ஏறும் இடத்தில் வலது கீழே இறங்கும். அப்படிப் பதிவானவற்றை அழித்துவிடாதீர்கள். ஸ்டீரியோ டிராக்கைப் பிரித்து ஒரு பக்கத்தை மட்டும் மோனோவாக வைத்துக்கொண்டால் குரல் முழுசாகத் திரும்பக் கிடைக்கும்.

சரியான கேபிள் எளிமையானது. மிக்சரில் டேப் அவுட் (பதிவுக் கருவிக்கென்றே உள்ள துளைகள்) இருந்தால் இரண்டு ஆர்.சி.ஏ. பின்னிலிருந்து ஒரு இ.பி. ஸ்டீரியோ. அதன் அளவு பொதுவாக 0.316 வோல்ட், லைன் இன் கேட்பதும் அதைத்தான். டேப் அவுட் இல்லையென்றால் இடது, வலது மெயின் அவுட் இரண்டிலிருந்தும் தனித்தனி மோனோ பி-38 பின் எடுத்து ஒரு இ.பி. ஸ்டீரியோவில் சேருங்கள், மெயின் ஃபேடரை 12 டெசிபல் இறக்கி வையுங்கள்.

யுஎஸ்பி கார்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெட்டியில் '7.1' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது வெளியே போகும் சத்தத்துக்குச் சொல்லும் கணக்கு. உள்ளே வரும் பக்கம் இந்த மலிவு வகைகளில் ஒரே ஒரு மோனோ மைக்தான். லைன் இன் கிடையாது. அதாவது லேப்டாப்பில் என்ன பிரச்சினையோ அதையே காசு கொடுத்து இன்னொரு முறை வாங்குகிறோம். கடையிலேயே செருகி, ரெக்கார்டிங் சாதனத்தின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். 1 சேனல், 16 பிட் மட்டும் தெரிந்தால் வாங்காதீர்கள்.

மைக் இன்புட்தான் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் சிக்னலைக் குறைத்து அனுப்பலாம். டேப் அவுட் சிக்னல் கம்பியில் தொடராக 10 கிலோ ஓம், அதற்குப் பிறகு சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம்: சுமார் 21 டெசிபல் குறையும். போதவில்லையென்றால் 1 கிலோவுக்குப் பதில் 100 ஓம். 40 டெசிபல் குறையும். மைக் துளையிலிருந்து சில வோல்ட் டி.சி. வெளியே வரும். அதைத் தடுக்க, கார்டு பக்கம் 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் தொடராக, பிளஸ் முனை கார்டைப் பார்த்து. சின்ன உலோக டப்பாவுக்குள் வைத்தால் இரைச்சல் ஏறாது.

லெவல் வைக்கும் வரிசை இதுதான்: பூஸ்ட் 0, 'என்ஹான்ஸ்மென்ட்' எல்லாம் ஆஃப். சேனலில் பி.எஃப்.எல். (ஃபேடருக்கு முந்தைய அளவை மீட்டரில் காட்டும் பட்டன்) அழுத்தி, பாடகர் மிக உரக்கப் பாடும் வரியில் மீட்டர் 0-வைத் தொடும்படி கெயின். கடைசியாகக் கார்டின் லெவல், உச்சி மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவே நிற்கும்படி. உம்ம்ம் என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப் (இரண்டு கருவிகளின் எர்த்தும் கேபிள் வழியாகச் சுற்றாக இணைவது). ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்லும் ஆளை நம்பவே நம்பாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

இதற்குப் பிறகும் சர்வீஸுக்குத்தான் போக வேண்டுமென்றால், சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள், மதிப்பீட்டைக் கையெழுத்தோடு கேளுங்கள், மாற்றிய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தராததும், இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதும் நியாயமற்ற வணிகமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ₹5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பணத்தை யுபிஐயில் கொடுங்கள். சர்வீஸுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று அதே ஆள், அதே கெயினில் பாடிய இரண்டு பதிவுகளை ஃபைலாக வைத்திருங்கள். புகாரோடு சேர்க்க அவை வேண்டும்.