"பதிவே இல்லை" என்றார், நூலகத்தின் 11-ஆம் மாடிக்குப் போய்ப் பார்த்தேன்

முதலில் காசு கொடுத்து ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் தேசிய நூலகத்தில் காசில்லாமல் கிடைத்ததன் அருமை புரியும்.

உயர்நிலை 2 படிக்கும் என் மகளுக்குத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பயிற்சி. சிங்கப்பூருக்கு ஆரம்பத்தில் வந்த தமிழர்களில் மறந்துபோன ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். அந்த வாரமே "தமிழர் தடங்களைத் தேடி, தமிழிலேயே" என்று ஒரு நடைச்சுற்றுலா விளம்பரம் கண்ணில் பட்டது. ஆளுக்கு 45 வெள்ளி (டாலர்) கட்டி இரண்டு பேரும் போனோம். நடத்தியவர்கள் யார் என்று சொல்லப்போவதில்லை, சின்னப் பிள்ளைகள், பிழைத்துப்போகட்டும்.

சௌத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வாசலில் ஆரம்பித்தது. இருபது பேர் இருந்தோம், ஒலிவாங்கி கிடையாது, முதுகுக்குப் பின்னால் பேருந்து மேல் பேருந்து. வழிகாட்டித் தம்பிக்கு நல்ல குரல்தான், ஆனால் கூட்டத்தில் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் இருந்ததால் முக்கால்வாசி ஆங்கிலத்திலேயே ஓடியது. நாகூர் தர்கா முன்னால் படம் எடுக்க ஐந்து நிமிடம், நினைவுப்பொருள் கடை ஒன்றில் (கவனியுங்கள்) இருபது நிமிடம். கடைசியில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயப் புல்வெளிக்கு வந்து நின்று, "இதைக் கட்டியது இந்தியர்கள்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். என் மகள் கையைத் தூக்கி, "எந்த இந்தியர்கள்?" என்று கேட்டாள். அதற்கு அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சொன்ன பதில்தான் இவ்வளவு எழுத வைத்தது: "கூலி ஆட்கள்தான்மா. அதெல்லாம் எங்கேயும் பதிவே இல்லை."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் முகம் தூக்கி வைத்திருந்தாள். சரி, அடுத்த சனிக்கிழமை விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துக்குப் போவோம் என்றேன். நிஜமாகவே இந்த விமர்சனம் அதைப் பற்றித்தான்: 11-ஆம் மாடியில் இருக்கும் சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்பு, கூடவே தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தளம், தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகள். மூன்றுக்கும் சேர்த்து நான் கொடுத்த காசு பூஜ்யம்.

அந்தக் கட்டடத்தில் 7-ஆம் மாடியிலிருந்து மேலே போவதுதான் லீ கோங் சியான் ஆய்வு நூலகம். இங்கே புத்தகத்தை இரவல் கொடுக்க மாட்டார்கள், உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். முதல் நாள் அரைக்கைச் சட்டையோடு போய் ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துவிட்டது. மற்றபடி அமைதியான மேசை, நல்ல வெளிச்சம்.

பதிவே இல்லை என்றாரே, அதற்கு வருகிறேன். அந்தத் தேவாலயத்தைக் கட்டியவர்கள் கூலிக்கு வந்தவர்களே இல்லை, தீவாந்தரக் கைதிகள், அதாவது தண்டனையாகக் கடல் கடத்தப்பட்டவர்கள். 1825-இல் சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து முதலில் 80 பேரைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள், பெரும்பாலும் சென்னை மாகாணத்தார். ஒரு வாரத்தில் இன்னும் 122 பேர், இவர்கள் வங்காளத்தார். அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைய, 1873-இல் கைதிச் சிறையை மூடும்வரை, இந்த ஊரின் சாலை, பாலம், கலங்கரை விளக்கம், கவர்னர் மாளிகை (இன்றைக்கு இஸ்தானா) எல்லாவற்றிலும் அவர்கள் கை இருக்கிறது. கைதிகளைக் கண்காணிக்கும் வேலையையும் நல்ல நடத்தையுள்ள கைதிகளுக்கே கொடுத்திருந்தார்கள், அதனால் காவலுக்கு வெளி ஆட்கள் அதிகம் தேவைப்படவில்லை. தண்டனை முடிந்த பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள். இதையெல்லாம் கைதிகளுக்கு மேலதிகாரியாக இருந்த மேக்நேர் என்பவர் 1899-இல் புத்தகமாகவே போட்டிருக்கிறார். பதிவு இல்லையாம்!

அதிலே ஒரு விஷயத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். தேவாலயச் சுவருக்கும் தூணுக்கும் பூசிய சாந்தைப் பற்றியது. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவையும் கருப்பட்டி மாதிரியான நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்திருக்கிறார்கள். பூசிக் காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளில் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்குமே, அந்த முட்டைப் பூச்சின் தாயாதிதான். கட்டட வரைபடம் பிரிட்டிஷாருடையது, மேக்பெர்சன் என்ற அதிகாரி வரைந்தார். ஆனால் கருப்பட்டி, மட்டைத் தண்ணீர் கைப்பக்குவம் எந்த ஊரிலிருந்து வந்திருக்கும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1861-இல் முதல் ஆராதனை நடந்தபோது அவர்கள் எங்கே நின்றிருப்பார்கள் என்று என் மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இனி நாளிதழ்த் தளம். வீட்டிலிருந்தே ஏராளமாகப் படிக்கலாம், கொஞ்சம் பிந்திய இதழ்களுக்கு மட்டும் நூலகக் கணினிக்குப் போக வேண்டியிருக்கும். ஆனால் இதில் தேடுவதற்கு ஒரு கை பழக வேண்டும், அதுவும் தமிழர்களைத் தேடுவதற்கு. மகள் எடுத்துக்கொண்ட ஆள் நாராயண பிள்ளை. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் முதலில் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. முகப்பில் இருந்த நூலகர் ஓர் அம்மா, பொறுமையாக எழுந்து வந்து சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்துக்காரர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், ஆகவே "நரைனா", "நராயனா", "நரைன்" என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளையின் கடைசி எழுத்தும் ஆளுக்கு ஆள் மாறும். அப்புறம், தமிழர் என்ற சொல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில இதழ்களில் தேடிக்கொண்டிருந்தால் பாதி கிடைக்காது. "கிளிங்" என்று தட்ட வேண்டும், "சூலியா" (சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல்) என்று தட்ட வேண்டும். கிளிங் என்பது நம்மவர்களைக் கேவலமாகக் கூப்பிட்ட சொல், கிளிங் ஸ்ட்ரீட் என்று ஒரு தெருவே இருந்து 1920களில்தான் சூலியா ஸ்ட்ரீட் ஆனது. என் பிள்ளை அந்தச் சொல்லைத் தட்டும்போது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. என்ன செய்ய, கதவு அந்தச் சாவிக்குத்தான் திறக்கிறது. "பெயர் கிடைக்காவிட்டால் தெருவைத் தேடுங்க, கப்பலைத் தேடுங்க" என்று அந்த அம்மா சொன்னதுதான் 45 வெள்ளி பெறுமான யோசனை.

நாராயண பிள்ளை 1819 மே மாதம், இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது, பினாங்கிலிருந்து அதே இந்தியானா கப்பலில் வந்தவர். ஊரில் வீடு கட்ட ஆள் அலைமோதுவதைப் பார்த்து, பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்துத் தஞ்சோங் பகார் பக்கம் செங்கல் சூளை போட்டார். இந்த ஊரின் முதல் கட்டட ஒப்பந்தக்காரர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பிறகு துணிக்கடை வைத்தார், 1822-இல் அது தீயில் போனது, கடன் கழுத்தை நெரித்தது, ராஃபிள்ஸ் கொடுத்த வேறு இடத்தில் மறுபடி எழுந்தார். வழிகாட்டித் தம்பி இதில் கோயிலை மட்டும்தான் சொன்னார். அந்தக் கோயில் கதையிலும் ருசியான பகுதியை விட்டுவிட்டார்: முதலில் கோயிலுக்கு ஒதுக்கிய இடம் தெலுக் ஆயர். மலாயில் தெலுக் என்றால் விரிகுடா, ஆயர் என்றால் தண்ணீர். ஆனால் அபிஷேகத்துக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்று வேண்டாம் என்றுவிட்டார்கள். பேரிலேயே தண்ணீர் இருந்து என்ன பயன்! இடம் மாறி மாறி, 1823-இல்தான் சௌத் பிரிட்ஜ் ரோடு நிலம் கிடைத்தது, 1827-இல் மரமும் அத்தாப்பும் (கூரை வேயும் ஓலை) வைத்து ஒரு சின்னக் கோயில் எழுந்தது. 2019-இல் ராஃபிள்ஸ் வந்திறங்கிய இருநூறாம் ஆண்டு நினைவுக்காக ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் இவருக்கும் ஒரு சிலை வைத்தார்கள். வந்த வேகத்தில் எடுத்தும்விட்டார்கள்.

பிள்ளை கதையாவது யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்குப் பிடித்துப்போனவர் இன்னொருவர், சி. கு. மகுதூம் சாயபு. 1887 ஜூன் 27, விக்டோரியா ராணியின் பொன்விழாச் சமயம், 'சிங்கை நேசன்' என்று ஒரு தமிழ் வார இதழைத் தொடங்கியிருக்கிறார். மூன்று வருடம் போல் நடந்து 1890-இல் நின்றுவிட்டது. அந்த இதழில் 1888-இல் வெளிவந்த 'விநோத சம்பாஷணை' என்ற அவருடைய உரையாடல் கதையைத் தமிழின் ஆகப் பழைய சிறுகதை முயற்சிகளில் ஒன்றாக வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. அது சிறுகதைதானா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் திரையில் பக்கத்தைப் பெரிதாக்கி, மை பரவிய அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிப் படிக்கும்போது வரும் சந்தோஷம் தனி. பழைய 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை வைத்த எழுத்து. மகள் "இது என்னப்பா, யானையா?" என்றாள். அதே 1887-இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சதாசிவ பண்டிதர் 'சிங்கை நகர் அந்தாதி' அச்சிட்டார், இரண்டும் தீனோதய இயந்திரசாலை வேலை. இந்த ஊர்த் தெருக்களில் மின்விளக்கு வருவதற்கு முன்பே ஈய எழுத்துகளைப் பொறுக்கி அந்தாதி அச்சுக்கோத்த ஒரு தமிழர் இருந்திருக்கிறார் என்றால், அவர் பெயர் என்னவாக இருக்கும்? நான் இன்னும் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது, வாய்மொழி வரலாறு. 1979-இலிருந்து பெரியவர்களை உட்காரவைத்துப் பேச வைத்துப் பதிவு செய்கிறார்கள். கணிசமான பதிவுகளை இணையத்திலேயே கேட்கலாம், சிலவற்றுக்கு அனுமதி கேட்க வேண்டும். நம் ஆட்கள் தமிழிலேயே பேசியவையும் உண்டு. எம்ஆர்டி ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தால் இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிவிடுவீர்கள், நான் இரண்டு முறை தாண்டினேன். ஒரு பதிவில் பெரியவர் யோசிக்க நிறுத்துகிற இடத்தில் பின்னால் காக்கை கத்துகிறது. புத்தகத்தில் காக்கை வராது.

என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்குக் கடையநல்லூர்ப் பூர்வீகம். தமிழ்நாட்டிலிருந்து வந்த மற்றவர்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த காலத்தில், கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்து தஞ்சோங் பகாரில் குடியேறியவர்கள். அந்தப் பெண்கள் மசாலா அரைத்து விற்றுப் பிழைத்தார்கள். நண்பர் பாட்டியும் அம்மியில் அரைத்தே நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர். நான் இந்த ஒலிப்பதிவுத் தளத்தைக் காட்டியதும், வட்டாரம் போட்டுத் தேடி, யாரோ ஒருவர் தஞ்சோங் பகார் சந்தையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுவிட்டு, "எங்க பாட்டிம்மாவை யாரும் உட்காரவைத்துக் கேட்கலையே" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அப்புறம் காப்பி வாங்கப் போய்விட்டார்.

குறை என்று கேட்டால், பொதுவாகப் பழைய நாளிதழ்த் தொகுப்பு எதுவானாலும் இருக்கும் குறைதான்: அன்றைக்குப் பேனா பிடித்தவர் கண்ணில் பட்டவர்தான் இன்றைக்கு நமக்குக் கிடைப்பார். கொலை செய்தவர், கோர்ட்டுக்குப் போனவர், நன்கொடை கொடுத்தவர் எல்லாம் கிடைப்பார்கள். மசாலா அரைத்தவர் கிடைக்க மாட்டார். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். 1943 அக்டோபர் 22-இல் வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தபோது தலைவி டாக்டர் லட்சுமியின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்து துப்பாக்கி தூக்கிய பெண்களில் எத்தனை பேரை உங்களால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும்? ஒலிப்பதிவுப் பக்கம் போனால் அந்த ஓட்டை கொஞ்சம் அடைபடுகிறது. அதனால்தான் மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்கிறேன், ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

நடைச்சுற்றுலாவுக்கு 5-க்கு 1.5, அந்த அரை மதிப்பெண் தம்பியின் குரலுக்கு. 11-ஆம் மாடிக்கும் மற்ற இரண்டுக்கும் 5-க்கு 4.5, அரை மதிப்பெண் குளிருக்காகக் கழித்தது. நடக்கத்தான் பிடிக்கும் என்றால், முதலில் ஒரு சனிக்கிழமை படித்துவிட்டு அடுத்த சனிக்கிழமை நீங்களே நடந்துவிடுங்கள். தேவாலயத்துக்குள் போனால் தூணுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

மகள் கடைசியில் நாராயண பிள்ளையை விட்டுவிட்டு அந்தச் சாந்தைப் பற்றித்தான் வகுப்பில் பேசினாள், முட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். "ஆள் பெயர் எங்கே?" என்று ஆசிரியர் கேட்டாராம். "தேடிட்டு இருக்கோம் டீச்சர்" என்று சொல்லியிருக்கிறாள். இந்தச் சனிக்கிழமையும் போகிறோம், ஜன்னல் ஓர மேசை, ஸ்வெட்டர் எடுத்து வைத்தாயிற்று.