வெட்டியும் ஒட்டியும் பிறந்த ஆங்கிலச் சொற்கள்: மூன்று இலவச அகராதிகள் தேறுமா?

தஞ்சாவூர் தஞ்சையானதையும் கோயம்புத்தூர் கோவையானதையும் மரூஉ என்று படித்தவர்களுக்கு, எக்ஸாமினேஷன் எக்ஸாம் ஆனதில் வியப்பு இராது. ஆங்கிலத்தில் இப்படி வெட்டுவதற்குக் கிளிப்பிங் என்று பெயர். இரண்டு சொற்களை வெட்டி ஒட்டினால் பிளெண்ட். எந்தச் சொல் எந்த வகை என்று பார்க்க, காசில்லாமல் கிடைக்கும் மூன்று இணைய அகராதிகளை இங்கே எடுத்துக்கொள்வோம்: ஆங்கில விக்‌ஷனரி, எட்டிமான்லைன், மெரியம்-வெப்ஸ்டர். மூன்றும் ஒரே வேலைக்கு ஆனவை அல்ல.

வகை பிரித்துப் பார்க்க விக்‌ஷனரியை மிஞ்ச ஆளில்லை. பஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். ஒரே பக்கத்தில் பல மொழிகள் வரிசையாக வரும்; ஆங்கிலப் பகுதிக்குப் போய், எட்டிமாலஜி (சொற்பிறப்பு) என்ற தலைப்பைப் பாருங்கள். ஆம்னிபஸ் என்பதன் கிளிப்பிங் என்று இருக்கும். பிறகு பக்கத்தின் அடிமட்டத்துக்கு இறங்கினால் பகுப்புகளின் பட்டியல். அதில் ஆங்கிலக் கிளிப்பிங்குகள் என்ற பகுப்பைத் தட்டினால் பக்கத்துக்கு 200 வீதம் அகர வரிசையில் சொற்கள் கொட்டும். பிளெண்டுகளுக்கும் இதேபோல் தனிப் பகுப்பு உண்டு. கைபேசியில் பகுப்புகள் தெரியாவிட்டால் அடியில் உள்ள டெஸ்க்டாப் பார்வைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

குறை என்ன? எந்தப் பக்கம் வெட்டினார்கள் என்பதை அந்தப் பட்டியல் பிரித்துக் காட்டாது. லேபரட்டரியிலிருந்து வந்த லேப் வால் போனது, டெலிஃபோனிலிருந்து வந்த ஃபோன் தலை போனது, இன்ஃப்ளுயென்ஸாவிலிருந்து வந்த ஃப்ளூ தலையும் வாலும் போய் நடு மட்டும் நின்றது. எல்லாம் ஒரே கூடையில். பஸ் இன்னும் வேடிக்கை. ஆம்னிபஸ் என்றால் லத்தீனில் ‘எல்லாருக்கும்’. நமக்குக் கிடைத்தது அதன் வேற்றுமை உருபின் துண்டு. ‘எல்லாருக்கும்’ என்பதில் ‘க்கும்’ மட்டும் வெட்டி வண்டிக்குப் பெயர் வைத்த கதை. ஃப்ரிட்ஜில் இருக்கும் டி எழுத்து ரெஃப்ரிஜரேட்டரில் இல்லை. அப்படியே வெட்டியிருந்தால் ‘ஃப்ரிக்’ என்று படித்துவிடுவார்கள், அதனால்தான் எழுத்துக்கூட்டலை மாற்றினார்கள். இதையெல்லாம் பட்டியலைப் பார்த்து நீங்களேதான் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று: ஒரு சொல் விக்‌ஷனரியில் இடம்பெற, பொதுவாக ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் மூன்று தனித்தனி எழுத்துச் சான்றுகள் வேண்டும். அந்தக் கண்டிப்பு சொல்லுக்குத்தான்; அதன் பிறப்புக் கதைக்கு இல்லை. அதை யாரும் திருத்தலாம். எட்டிமாலஜியின்கீழ் மேற்கோள் எண் இல்லையென்றால் பக்கத்தின் மேலே உள்ள வரலாறு (ஹிஸ்டரி) தத்தலைத் திறந்து எப்போது, எப்படிச் சேர்ந்தது என்று பார்த்துவிடுவது நல்லது.

கதைக்கு எட்டிமான்லைன். டக்ளஸ் ஹார்ப்பர் என்ற தனிமனிதர் தொடங்கித் தொகுத்தது; பதிவுகள் சுருக்கமானவை, படிக்கச் சுவையானவை. பிரேக்ஃபாஸ்ட்டும் லஞ்சும் கலந்த பிரஞ்ச்சுக்கு அது தரும் ஆண்டு 1896. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்த ஆண்டு சான்று கிடைத்த ஆண்டு, பிறந்த ஆண்டல்ல. 1896இல் பஞ்ச் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை இதழே இந்தச் சொல்லை முந்தைய ஆண்டு ஹண்டர்ஸ் வீக்லியில் கை பெரிஞ்சர் அறிமுகப்படுத்தினார் என்று எழுதியது. மதியத்தை ஒட்டிச் சாப்பிட்டால் பிளஞ்ச் என்றும் அப்போது ஒரு சொல் இருந்தது. பாவம், அது பிழைக்கவில்லை. ஸ்மோக், ஃபாக் இரண்டும் கலந்த ஸ்மாக்கின் ஆண்டிலும் இதே சறுக்கல்தான். 1905இல் லண்டன் மருத்துவர் டே வோ உருவாக்கியதாகச் சொல்வது வழக்கம். 1880இலேயே கலிஃபோர்னியாவில் அச்சேறிய சான்று இருக்கிறது.

ஆண்டை மட்டும் சரிபார்க்க மெரியம்-வெப்ஸ்டர் போதும். பதிவின் கீழே முதல் பயன்பாட்டு ஆண்டையும், அது எந்தப் பொருளுக்கு உரியது என்பதையும் சேர்த்தே தருகிறது. டைம் டிராவலர் பகுதியில் ஓர் ஆண்டைத் தேர்ந்தால் அந்த ஆண்டில் முதலில் பதிவான சொற்கள் ஒன்றாக வரும். விளம்பரங்கள் இடையூறு. சொற்பிறப்பு விளக்கமோ பெரும்பாலும் ஓரிரு வரியோடு முடிந்துவிடும்.

சோதனைக்கு ஒரு சொல் வேண்டுமானால் ஈமோஜியைப் போட்டுப் பாருங்கள். எமோஷனிலிருந்து வெட்டியது போலத் தோன்றும். ஜப்பானிய மொழியில் ‘எ’ படம், ‘மோஜி’ எழுத்து. எமோஷனுக்கும் இதற்கும் உறவில்லை. எமோஷனும் ஐகானும் கலந்து உண்மையாகவே பிளெண்டாகப் பிறந்தது எமோட்டிகான். ஹெலிகாப்டரை நாம் ஹெலி, காப்டர் என்று பிரிக்கிறோம். கிரேக்கத்தில் அது ‘ஹெலிகோ’ சுருள், ‘ப்டெர்’ இறகு. தவறான இடத்தில் வெட்டியதால்தான் காப்டர் என்ற புதுச்சொல்லே கிடைத்தது. ஹாம்பர்க் நகரின் பெயரால் வந்த ஹாம்பர்கரில் பன்றி இறைச்சியைக் குறிக்கும் ‘ஹாம்’ இருப்பதாக எண்ணி வெட்டியதில் சீஸ்பர்கர் பிறந்தது.

பொது அறிவுத் துணுக்குகளில் இன்னும் உலவும் ‘நியூஸ் என்றால் நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத்’ என்பதை மூன்று அகராதிகளிலும் தேடிப் பாருங்கள். புதியது என்ற பொருள்தரும் நியூ என்ற சொல்லின் பன்மைதான் அது. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வது 20ஆம் நூற்றாண்டுக்கு முன் மிக அரிது. அதனால் பழைய சொல்லுக்கு யாராவது அப்படி விரிவு சொன்னால் முதலில் ஆண்டைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் விக்‌ஷனரி, பகுப்புகளுக்காகவே. இணையம் எட்டாத வகுப்பறைக்கும் அதுவே வசதி: கிவிக்ஸ் செயலியில் மொத்தமாக இறக்கிவைத்துக்கொள்ளலாம். கோப்பு பெரியது, வைஃபை இருக்கும் இடத்திலேயே இறக்கிவிடுங்கள்.